தேநீர் இடைவேளை: முப்பது நிமிடம்

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். பாதாளச் சாக்கடைக் கட்டணத்தை உயர்த்த உத்தேசம், சனிக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு நகராட்சி அரங்கில் கருத்துக் கேட்புக் கூட்டம், பொதுமக்கள் தவறாது கலந்துகொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இரண்டு முறை படித்தேன். நடை என்னுடையது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அந்த அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்த வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன, தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு நோட்டீஸை நாலாக மடித்துச் செய்தித்தாளுக்கு அடியில் வைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஏழெட்டுக் கதைகள் எழுதி, அவை அச்சாகியும் இருக்கின்றன. அதற்கு முன் நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். ஊர் மூன்று மணி நேரம் கத்தியதை ஒன்றரைப் பக்கத்தில் அடக்குவதுதான் என் வேலை. அதில் ஒரே ஒரு வரி தப்பு. அந்த வரியைச் சுற்றித்தான் இத்தனை வருடமாக வேறு வேறு கதைகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "மனிதன் தான் விட்டுவந்ததைத் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் ஓர் ஊர் தன்—" [வேண்டாம். முதல் வரியிலேயே உபதேசம் செய்யும் கதையை நானே மூடி வைத்துவிடுவேன்.]

தொடக்கம் இரண்டு: "கூட்டம் பிற்பகல் 3.30 மணிக்கு, தலைவி முன்னிலையில், வருகை புரிந்தோர்—" [பழக்க தோஷம்.]

தொடக்கம் மூன்று: "என் அண்ணனுக்கு ஊரில் மூக்கு என்று பட்டப்பெயர்." [இது பரவாயில்லை. இப்படியே போவோம்.]

3

என் அண்ணனுக்கு ஊரில் மூக்கு என்று பட்டப்பெயர். ஊர்க்கோடியில் இருந்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். நாற்றத்தை வைத்தே எந்தத் தொட்டியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்பா அம்மா போன பிறகு நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணன் வாசலில் நுழைந்ததும் அண்ணி சோப்பை நீட்டுவார். மூன்று தடவை தேய்த்துக் குளித்து, தன் துணிகளுக்கென்றே கட்டிய தனிக்கொடியில் சட்டையைக் காயப்போட்டுவிட்டுத்தான் சாப்பாட்டு மேசைக்கு வருவார். வந்ததும் ஊர்ச் செய்தி ஆரம்பிக்கும்.

"பள்ளிக்கூடத்துக்கு இன்னைக்கு லீவா பாப்பா?"

"ஆமாண்ணே. யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? பத்தரை மணி பெல்லுக்கு அப்புறம் வர்ற தண்ணி வரல."

"சாப்பிடுற எடத்துல என்ன பேச்சு இது" என்பார் அண்ணி. தினமும் சொல்வார், தினமும் சிரிப்பார்.

ஊரில் எந்த வீட்டில் விருந்து, எந்த ஓட்டலில் எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினான், சலவைக்காரருக்கு எந்த வாரம் வியாபாரம் சூடு என்பதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும். யார் வீட்டுக்குள்ளும் போகாமலே ஊரை அறிந்தவர் அவர் ஒருத்தர்தான். "தொட்டி நல்லா இருந்தா சேறு நாறாது பாப்பா. மழை விழுந்த மண்ணு மாதிரி இருக்கும்" என்பார். அந்த மேசை, அந்தப் பேச்சு, அண்ணியின் அதட்டல் எல்லாம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் நான் தனியாக, தட்டுக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

(ஒரு பக்கக் குறிப்பு. இந்தப் பாத்திரத்தை நான் சந்தேகிக்கிறேன். இவ்வளவு நல்லவராக ஓர் அண்ணனை எழுதினால் வாசகர் நம்ப மாட்டார். எனவே சொல்லிவிடுகிறேன்: கடுமையான முன்கோபி. ரேடியோவை யாராவது தொட்டால் இரண்டு நாள் பேச மாட்டார்.)

4

இனி முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய அந்தக் கூட்டம். நிலையத்தில் தொட்டிக்குள் காற்று ஊதுவதற்கு இரண்டு ப்ளோயர்கள். அந்தக் காற்றை நம்பித்தான் சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. ஒரு ப்ளோயர் பழுதாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் நகராட்சி, ஊர் விரிந்த பக்கமெல்லாம் புதுக் குழாய் போட வேண்டும், அதற்குக் கட்டணத்தை உயர்த்தப்போகிறோம் என்று அறிவித்தது. அரங்கு நிரம்பி, ஜன்னலுக்கு வெளியேயும் தலைகள்.

முதலில் எழுந்தது கடைசித் தெருவின் கடைசி வீட்டு அக்கா. "எங்க வீட்டு பாத்ரூமுக்கு ஊரே வந்து குளிச்சிட்டுப் போகுது. மழை பேஞ்சா முட்டி வரைக்கும் நிக்குது. அதுக்கு நான் கூடக் காசு வேற குடுக்கணுமா?"

சலவைக்காரர், தன் ஒரு கடைக்கு நாலு வீட்டுக் கட்டணம் போடுகிறார்கள் என்றார். நகராட்சி இன்ஜினியர் வரைபடத்தை விரித்து, நிலையம் நல்ல நிலையில் இயங்குகிறது, தேவை குழாய்தான் என்றார். கத்தல். நகராட்சித் தலைவி மேசையைத் தட்டினார்.

அப்போதுதான் என் அண்ணன் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். வேலைச் சட்டையோடு. கையில் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, பக்கவாட்டில் அளவுக்கோடு போட்டது. அதில் தொட்டியிலிருந்து மொண்ட பழுப்புத் தண்ணீர். முன்வரிசைக்காரர்கள் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்கள். பச்சைத் துணி விரித்த மேசையில் ஜாடியை வைத்தார்.

"அம்மா, தினமும் காலையில நான் செய்யற சோதனை இது. இப்படியே அசையாம அரை மணி நேரம் வைக்கணும். தொட்டி நல்லா இருந்தா சேறு கால்வாசிக்கு எறங்கிடும், மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். எறங்கலேன்னா அந்தச் சேறு அப்படியே ஆத்துக்குப் போகுதுன்னு அர்த்தம். இதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"அரை மணி நேரமா?" என்றார் இன்ஜினியர்.

தலைவி அரசியலுக்கு வருவதற்கு முன் பிரசவ வார்டில் நர்ஸ். காத்திருக்கத் தெரிந்தவர். "வைங்க, பாப்போம்" என்றார். மணி நாலு பத்து.

5

அந்த அரை மணி நேரத்தை எழுதத்தான் இந்தக் கதை. அதைத்தான் எழுத வரவில்லை.

முதல் ஐந்து நிமிடம் முணுமுணுப்பு. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து ஜாடியைக் குனிந்து பார்த்தார்கள். பின்னால் நகர்ந்த நாற்காலிகள் முன்னால் வந்தன. சலவைக்காரர் கேட்டார்: "இதுல என்னோடது எதுன்னு சொல்ல முடியுமா மூக்கு?"

"மேல நிக்குது பாருங்க நுரை, அது உங்களோடது."

அரங்கு முழுக்கச் சிரித்தது. இன்ஜினியரும் சிரித்தார். கடைசி வீட்டு அக்கா ஜாடிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பின் சண்டை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. ஊர் தன் அழுக்கைத் தானே உட்கார்ந்து பார்த்த அரை மணி. அவ்வளவு பேர் அவ்வளவு பொறுமையாக ஒன்றாக இருந்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அந்த அரங்குக்கு இன்றும் ஏங்குகிறேன்.

நாலு நாற்பதுக்கு எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். சேறு இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. அவ்வளவுதான்.

"ஒரு நாள் சாம்பிளை வெச்சு எதையும் சொல்ல முடியாதுங்க மேடம்" என்றார் இன்ஜினியர். பேச்சு மறுபடி குழாய்க்குப் போனது. கட்டண உயர்வு நிறைவேறியது. ப்ளோயர் பற்றி, 'பரிசீலிக்கப்படும்.'

6

முதல் பிரதியில் இந்த இடத்தில் இன்ஜினியர் என் மேசைக்கு வந்து, "அந்த ஜாடி விஷயம் குறிப்புல வரக்கூடாது" என்று காதோடு சொல்வதாக எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது. எழுதியவளுக்குச் சாதகமாகவும் இருந்தது.

பொய். யாரும் எதுவும் சொல்லவில்லை.

நடந்தது இது. குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு வேண்டும். மூன்றே தலைப்புகள்: விவாதம், தீர்மானம், இடைவேளை. ஹெட் கிளார்க் எனக்குப் பழக்கியிருந்தது: "பேசினத எழுதும்மா, பேசாதத எழுதாத." நாலு பத்திலிருந்து நாலு நாற்பது வரை யாரும் விவாதிக்கவில்லை, தீர்மானிக்கவும் இல்லை. என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பேசியது என் அண்ணன். நான் எதை எழுதினாலும் தங்கச்சி எழுதியதாகும் என்று ஒரு பயம். 'நிலையப் பணியாளர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்' என்று எழுதினேன். அடுத்த வரியில், 'தேநீர் இடைவேளை: 30 நிமிடம்.'

அன்று யாருக்கும் தேநீர் கொடுக்கப்படவில்லை.

6-அ

அடுத்த கூட்டம் தொடங்கும்போது முந்தைய குறிப்பை உரக்க வாசிக்க வேண்டும். வாசித்தேன். அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேநீர் என்ற சொல் வந்தபோது நான் தலை நிமிரவில்லை.

"திருத்தம் ஏதும் உண்டா?" என்று தலைவி கேட்டார். வழக்கமாகக் கேட்பது.

அப்போது நிமிர்ந்தேன். அண்ணனின் வலது கை தோள்வரை உயர்ந்திருந்தது. என்னைப் பார்த்தார். கை அங்கிருந்து காதுக்குப் போய், காதைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. குறிப்பு ஏற்கப்பட்டது.

மாலை சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு வரி சொன்னார். "டீயாவது குடுத்திருக்கலாம்ல பாப்பா." அண்ணிக்கு விஷயம் புரியவில்லை, சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

7

நாலு மாதம் கழித்து ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். இன்ஜினியர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். ஊரை யாரும் கூப்பிடவில்லை. காகிதம் போதுமாக இருந்தது.

"ஜாடி சோதனைல நம்பர் எழுதியிருக்கீங்க, சரி. மேல சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். கூட்டத்துக்கே எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். எல்லாரும் அரை மணி நேரம் பாத்தாங்க."

குறிப்புப் புத்தகத்தைக் கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். வந்தவர்களில் மூத்தவர் விரலால் வரியைத் தொட்டார். "இங்க டீ குடிச்சதாத்தானே போட்டிருக்கு?"

நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் வேலை நிரந்தரமாகி இரண்டு மாதம் முடிந்திருந்தது. சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் போதும்.

"அப்ப அப்படித்தான் இருக்கும் சார்" என்றார் அண்ணன்.

கடமையில் கவனக்குறைவு என்று எழுதி, குடிநீர்த் தொட்டிக்கு மாற்றினார்கள். பதினைந்து வருடம் மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெறும் நாள் வரை அங்கேயே இருந்தார். சுத்தமான தண்ணீருக்கு வாடை கிடையாது. வீட்டுக்கு வந்து ஒரு தடவை முகம் கழுவினால் போதும். தனிக்கொடியை அண்ணி அவிழ்த்துவிட்டார். மேசையில் ஊர்ச் செய்தி நின்றுபோனது. பள்ளிக்கூடத்துக்கு லீவு என்றால் நாங்களாகச் சொல்ல வேண்டியிருந்தது.

[இந்த இடத்தில் "அந்த நிசப்தம் அவரை—" என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்து விட்டுவிட்டேன். மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டோம். அவ்வளவுதான்.]

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

தங்கை விசாரணை அறையில், "நான் எழுதினது தப்பு சார்" என்கிறாள். அண்ணன் தன் தொட்டிக்குத் திரும்புகிறார். [இதை எழுதும்போது அழுதேன். கிழித்துவிட்டேன். நடக்காததற்கு அழுவது சுலபம்.]

அந்த அரை மணி முடிந்ததும் ஊரே எழுந்து, முதலில் ப்ளோயர் வாங்கு, பிறகு குழாய் போடு என்கிறது. கடைசி வீட்டு அக்கா தலைவியாகிறார். [அக்கா இதைப் படித்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார்.]

மூன்றாவது முடிவுக்காக நேற்று அண்ணனுக்குப் போன் செய்தேன். எழுபத்துநாலு வயது. ரேடியோ பின்னால் கேட்டது.

"அண்ணே, உங்களப் பத்தி ஒரு கதை எழுதறேன்."

"அந்த ஜாடியா?"

அந்த ஒரு வரிக்குப் பிறகு முப்பத்தொரு வருடமாக நாங்கள் இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"ஆமா."

"இன்ஜினியரக் கெட்டவனாக்கிடாத. ப்ளோயர் கேட்டு அவரும் மூணு தடவ எழுதினாரு, பாவம். முடிவு என்ன வெச்சிருக்க?"

"இன்னும் வரலண்ணே."

"பரிசீலிக்கப்படும்னு போட்டுடு. உனக்கு அதுதான் நல்லா வரும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அன்னைக்குக் கையத் தூக்கிட்டு ஏண்ணே எறக்கினீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

ரேடியோவின் சத்தம் குறைந்தது. அவரே குறைத்திருக்க வேண்டும். வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

"காது அரிச்சுது பாப்பா" என்றார்.

9

அந்த ஜாடி என் மேசையில் இருக்கிறது. மாற்றலாகிப் போன அன்று, "நல்லாக் கழுவிட்டேன், பேனா போட்டுக்கோ" என்று அண்ணன் கொடுத்தது. சனிக்கிழமை கூட்டத்துக்குப் பேனாக்களைக் கொட்டிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போவேனா, வெறும் கையோடு போவேனா, போகவே மாட்டேனா என்பதை நான் எழுதப்போவதில்லை. என் கையில் முடிவு கிடைத்தபோது நான் செய்தது உங்களுக்குத் தெரியும்.

எனவே வழக்கப்படி செய்கிறேன். மேலே உள்ளது நடந்து முடிந்த கூட்டத்தின் குறிப்பு. உங்கள் முன்னிலையில் முழுவதும் வாசிக்கப்பட்டது. கடைசி வரிசையில் அண்ணனும் உட்கார்ந்திருக்கிறார்.

திருத்தம் ஏதும் உண்டா?

கை தூக்குகிறவர்கள் தூக்கலாம். என்னைப் பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் காத்திருக்கிறேன். டீ கிடையாது.