லியு அம்மாவின் முற்றமும் என் மூன்று தொடக்கங்களும்

1

ஒரு மாநகரத்தின் ஆன்மா அதன் அரண்மனைகளில் இல்லை, சந்துகளில் இருக்கிறது. பெய்ஜிங்கின் பழைய சந்துகளை நடந்து அறிந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

நடந்தது ஒன்றரைச் சந்து. இரண்டாவதில் பாதி வழியில் புதுச் சப்பாத்து கடித்தது.

கதை பிறந்த விதத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சென்ற வாரம் இலங்கையின் ஊவாவிலிருந்து ஐந்து பேர் அங்கே ஒரு தேயிலைக் கண்காட்சிக்குப் போனோம். நால்வருக்கு வேலை இருந்தது. நான் பண்பாட்டுப் பிரதிநிதி. பூனாகலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பிரான்சிஸ்காவை, பூந்தொட்டியில் நட்ட தேயிலைச் செடியில் பறித்துக் காட்ட அழைத்துப் போயிருந்தார்கள். முதல் நாளே செடி மொட்டையாகிவிட்டது. ஆகவே இரண்டாம் நாள் அவரும் சும்மா இருந்தார், நான் வழக்கம்போல்.

2

தொடக்கம் ஒன்று: "சாம்பல் நிறச் செங்கற்களில் காலம் தன்..." தன் என்ன? தெரியவில்லை.

தொடக்கம் இரண்டு: "அந்தச் சந்து என்னைத் தாய்போல்..." வேண்டாம்.

தொடக்கம் மூன்று: "சார், இது நம்ம லயம் மாதிரியே இருக்கே!"

இது நல்ல தொடக்கம். லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். சொன்னவர் பிரான்சிஸ்கா. (முதல் பிரதியில் நான் சொன்னதாக இருந்தது.)

உண்மையில் அழகான இடம். சுவரோரம் முட்டைக்கோவா அடுக்கியிருந்தது. வாசலுக்கு வாசல் கால் ஒடிந்த ஒரு நாற்காலி. பிஜாமாவோடு நாலு கிழவர்கள் சதுரங்கம் ஆட, ஆறு பேர் பின்னால் நின்று திட்டினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் யாரோ ஏதோ சொன்னார்கள். நான் பார்த்த அரண்மனையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நுழைவுச் சீட்டைத்தான் கேட்டார்கள்.

3

[இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.] பிரான்சிஸ்காவின் லயத்து வீட்டில் ஒரே அறை. மகள் நிஷாலினி வரும் வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். கதவுள்ள ஓர் அறை கேட்கிறாள். மலைக்கு மேலே தனி வீடு தரும் பட்டியலில் அவர்கள் பெயர் வந்திருக்கிறது. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்துகொண்டு நிஷாலினியைப் பாதி வளர்த்த விசாலாட்சியின் பெயர் வரவில்லை. வீடு வேண்டுமானால் ஊர் திரும்பிய கிழமையே, வெள்ளிக்குள், கையெழுத்து வைக்க வேண்டும். படிவம் கைப்பையிலேயே பெய்ஜிங் வந்திருந்தது.

அந்தச் சந்தில் குடியிருக்கும் லியு அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. அவருடைய முற்றமும் அதைச் சுற்றிய வீடும் ஒரு காலத்தில் ஒரே பணக்காரருடையது. இப்போது ஒன்பது குடும்பம், ஒன்பது மின்மானி. எங்களைக் கண்டதும் ஏதோ கேட்டார்.

"தாங்கள் உணவு அருந்தினீர்களா என வினவுகிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர் அல்லி.*

* அங்கேயே தமிழ் படித்த சீனப் பெண். பெயர் அவராகவே வைத்துக்கொண்டது. எங்கள் குழுவில் பிழையில்லாமல் தமிழ் பேசியவர் அவர் மட்டுமே.

கண்ணாடிப் போத்தலில் தேநீர் வந்தது, இலைகள் மிதக்க. ஆயுள் முழுக்கத் தூளையே குடித்த பிரான்சிஸ்கா ஓர் இலையை எடுத்து, உள்ளங்கையில் விரித்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"முத்துன எல சார். எங்க கங்காணி கண்டா அரைப் பேருதான் போடுவாரு."

அரைநாள் சம்பளம்தான் என்று பொருள். அல்லி அதையும் விளக்கி மொழிபெயர்த்துவிட்டார். நான் கூரையைப் பார்த்தேன். லியு அம்மா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இருபது ஆண்டுகளாகக் கடைக்காரரிடம் இதையே கூறுகிறாராம். அவர் நம்பவில்லையாம்."

பிரான்சிஸ்கா நாற்காலியை நெருக்கிப் போட்டார். "கேளு புள்ள, இவங்களுக்கும் வேற வூடு தாறாங்களா?"

"ஆம். நகரின் புறத்தே, பதினான்காம் மாடியில். கழிவறை உள்ளேயே உளது."

"இப்ப கக்கூசு?"

"சந்தின் முனையில். எண்பத்தேழு காலடிகள்."

"நமக்கு நூத்திப் பத்து," என்றார் பிரான்சிஸ்கா, சற்றுப் பெருமையாக. "பொறகு ஏன் போவல?"

லியு அம்மா யோசித்தார். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

"அந்த எண்பத்தேழு அடிக்குள் ஐந்து பேர் நலம் விசாரிக்கின்றனர். அங்கே மின்தூக்கி மட்டுமே பேசுமாம். ஆயினும் குளிர்காலத்தில் போய்விட எண்ணுவார். வெயில் வந்ததும் மறந்துவிடுவார்."

பிரான்சிஸ்கா கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

4

முடிவு ஒன்று: பிரான்சிஸ்கா கையெழுத்து வைக்கவில்லை. லயத்து அடுப்புகள் ஒவ்வொன்றாய்ப் புகைய... இதைத் தொலைபேசியில் அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

"பொகைய விடுங்க சார். நிஷாலினி எங்க குந்திப் படிப்பா?"

முடிவு இரண்டு: கையெழுத்து வைக்கிறார். நிஷாலினி முதன்முறையாகத் தன் அறைக் கதவைச் சாத்துகிறாள்.

"விசாலாட்சி அக்காவ என்ன செஞ்சீங்க?"

"கீழே நின்று கையசைக்கிறார்."

"அவங்களுக்கு முழங்கால் வலி சார். மேல ஏற மாட்டாங்க. கைய அசைச்சா போதுமா?"

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. இன்று வியாழன். வாசகரே, படிவம் உங்கள் கையில் இருக்கட்டும். நீங்கள் என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள்.

நானோ சும்மா இருக்கவில்லை. சந்து வாழ்க்கை பெரும் செல்வம், லயத்தை விட்டுவிடாதீர்கள் என்று பிரான்சிஸ்காவிடம் பத்து நிமிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்பிடீங்களா சார். ஒங்க பக்கத்து வூட்டுல யாரு இருக்கா?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பதுளையில் பதினோரு வருடமாக இதே வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது.