குமிழி இல்லாத படம்

காரைக்காலில் வாழ்வோரே, வந்து போவோரே, இந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு பொய் எப்படிச் சீட்டில் ஏறுகிறது என்பதை நீங்கள் கண்ணால் காண வேண்டும்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவன் ஆபித். முப்பத்தொரு வயது. ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுபவன். விடுப்பு முடிய இன்னும் பதினொரு நாள். அவன் வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. வாயில் சொல் எழவில்லை. தலைமாட்டில் நின்று பேசுகிறவர் நஸ்ருதீன், கடலடியைக் காட்டுகிறேன் என்று கடற்கரையில் கொட்டகை போட்டு ஆள் சேர்ப்பவர். மருத்துவர் சுகிர்தா என்ன நடந்தது என்று கேட்கிறார்.

"கடல்ல குளிச்சிக்கிட்டு இருந்தாருங்க டாக்டரம்மா. அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. நம்ம ஆளுங்கதான் தூக்கிட்டு வந்தாங்க."

எழுதினார்கள். கடலில் குளிக்கையில் மூழ்கியவர் என்று எழுதினார்கள். ஆபித்தின் நுரையீரலில் ஒரு மிடறு கடல்நீர்கூட இல்லை.

உண்மையில் நடந்தது இது. அன்று காலை நஸ்ருதீனின் படகில் ஆபித்தும் அவன் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸும் வேறு சிலரோடு ஏறினார்கள். கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரம், ஐந்து ஆள் ஆழம்கூட இல்லாத இடம். அங்கே பழைய ஃபைபர் படகு ஒன்றை மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில், முதுகில் மூச்சுக்காற்று சிலிண்டரோடு நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் இவர்கள் விற்கும் சாகசம். அரசலாறு கொண்டுவந்து கொட்டும் வண்டலில் எங்கள் கரையோரக் கடல் கலங்கியே கிடக்கும். எனவே கேமராவை முகத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். அப்போது மூச்சுக்குமிழிகள் எழுந்து முகத்தை மறைத்துவிடும். மறைந்த முகத்தை யார் வாங்குவார்கள்? ஆகவே ஒரு வழி கண்டார்கள். ஆளைக் கீழே நிறுத்தி, ஒருவன் கேமரா பிடிக்க, வழிகாட்டி தன் நெஞ்சின்மேல் மடக்கிய கைமுட்டியை வைத்துக் காட்டுவான். மூச்சை அடக்கு என்று அர்த்தம். படம் எடுத்ததும் அவனே ஆளைப் பிடித்து மேலே தூக்கிவருவான்.

சிலிண்டர் காற்றை உள்ளே இழுத்தவன், அடக்கிய மூச்சோடு மேலே வரக்கூடாது. இந்தத் தொழிலின் முதல் பாடமே அதுதான். மேலே வர வர நீரின் அழுத்தம் குறையும்; நெஞ்சுக்குள் அடைபட்ட காற்று விரியும்; போக வழியில்லாமல் நுரையீரலைக் கிழிக்கும்; காற்றுத்துளி இரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறும். அதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை. ஒரு வீட்டுக் கிணற்றின் ஆழம் போதும். இது நஸ்ருதீனுக்குத் தெரியும். தெரிந்தே செய்தார் என்பதுதான் குமட்டுகிறது.

வழிகாட்டி முத்தையன் கருக்களாச்சேரிக்காரர். கடலில் வளர்ந்தவர், சிலிண்டரோடு பழகி ஆறே மாதம் ஆனவர். இறங்குமுன் ஆபித்தைக் கேலி செய்தார். "கன்னத்த உப்பிக்கிட்டு நில்லுங்க மாப்ள. ஷார்ஜாவுல பாக்குறவன் நீங்கதான் கப்பலுக்கு கேப்டன்னு நெனைக்கணும்." பிர்தௌஸ் சிரித்தாள்.

நாலு நிமிடத்தில் ஆபித் மேலே வந்தான். முகமூடியைக் கழற்றி மனைவியைப் பார்த்து, "படம் நல்லா" என்றான். அடுத்த சொல் வரவில்லை. கை உயர முயன்று விழுந்தது. உதட்டோரம் சிவந்த நுரை வந்தது.

நீர் குடித்துவிட்டான் என்று முடிவு கட்டிய முத்தையன், அவனைப் படகு விளிம்பில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார். காற்று அடைத்த மூளையோடு தலைகீழாகத் தொங்கினான் அந்த மனிதன். அவசரத்துக்கான ஆக்ஸிஜன் எங்கே என்று கேளுங்கள். கரையில், கொட்டகை அலமாரியில், பூட்டியிருந்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடுமாம்!

கரையில் நஸ்ருதீன் தன் காரில் ஆபித்தை ஏற்றினார். உள்ளே ஏறப்போன பிர்தௌஸைத் தடுத்து, தணிந்த குரலில் சொன்னார்:

"சிலிண்டர் போட்டு எறங்குனாருன்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும் தங்கச்சி. பாஸ்போர்ட்ட முடக்குவாங்க. விசா போயிடும். குளிச்சாருன்னு சொல்லு, மத்தத நான் பாத்துக்குறேன். நீ துஆ செய்."

இந்தக் கடற்கரையில் எத்தனை குடும்பங்கள் விசா என்ற ஒற்றைச் சொல்லில் தொங்குகின்றன என்பதை நன்றாக அறிந்தவர் அவர். ஆட்டோ பிடித்துப் பின்னால் போன பிர்தௌஸ், மருத்துவமனை வராந்தாவில் வாய் திறக்காமல் உட்கார்ந்தாள். கணவனின் பிழைப்பைக் காப்பதாக நினைத்து அவன் உயிரின் நேரத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுகிர்தா குழம்பினார். நெஞ்சில் நீர் இரைச்சல் இல்லை. மூழ்கியவனுக்கு ஒரு பக்கம் ஏன் விழ வேண்டும்? இரண்டாம் முறையும் கேட்டார். குளித்தார் என்றே நஸ்ருதீன் சத்தியம் செய்தார். ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். மூன்றரை மணி நேரம் போயிற்று.

இரண்டரை மணிக்கு அவள் செல்பேசி ஒலித்தது. கொட்டகையிலிருந்து வீடியோ வந்திருந்தது. எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று கீழே ஒரு வரி. கணவன் உள்ளே பேச்சற்றுக் கிடக்கையில் நட்சத்திரம் கேட்டார்கள்!

அழுதபடி பார்த்தாள். நெஞ்சில் முட்டி வைக்கும் முத்தையன். கன்னம் உப்பி நிற்கும் ஆபித். பிறகு சட்டென்ற ஏற்றம். மேற்பரப்பு வரை அவன் வாயிலிருந்து ஒரு குமிழிகூட எழவில்லை. மூச்சு விடு என்று யாரும் சைகை காட்டவில்லை.

எழுந்து நேரே சுகிர்தாவிடம் போனாள்.

"அவங்க குளிக்கலைங்க. இத பாருங்க. விசா போனாப் போவுது."

சுகிர்தா இரண்டு முறை பார்த்தார். "சிலிண்டரோடவா எறங்குனாரு? இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். ஆபித்தை மல்லாத்திப் படுக்க வைத்து முழு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். மூளையில் அடைத்த இந்தக் காற்றுத்துளியைக் கரைக்க, ஆளை உள்ளே வைத்துக் காற்றழுத்தம் ஏற்றும் கூண்டு வேண்டும். அது இருந்த ஊருக்குச் சாலையில் ஏழு மணி நேரம். ஏற்றி அனுப்பினார்கள்.

பிழைத்தான். பேச்சு பாதி திரும்பியது. வலக்கை இன்னும் ஒரு தம்ளரைப் பிடிக்கவில்லை. கிரேன் நெம்புகோலை அது இனிப் பிடிக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பதினோராம் நாள் விமானம் அவனில்லாமல் போயிற்று.

கொட்டகையோ அடுத்த ஞாயிறே திறந்துவிட்டது. நஸ்ருதீன் பிர்தௌஸுக்கு ஒரு தாள் கொடுத்தனுப்பினார்: என் கணவர் குளிக்கையில் மூழ்கினார் என்று கையெழுத்திடச் சொல்லி. அவள் அதைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினாள். முத்தையன் மட்டும் ஒருநாள் வீடு தேடி வந்து வாசலிலேயே நின்றார். "மூச்ச வுடச் சொல்லத்தான் இருந்தேன்மா, மேல அடுத்த ஆளு காத்திருந்தாரு" என்றார். அந்த வாக்கியத்தை விசாரணை அதிகாரி முன் சொல்வீர்களா என்று அவள் கேட்டாள். அவர் திரும்பித் தெருவில் இறங்கி நடந்தார்.

அவள் கொடுத்த புகார்மீது வரும் புதன்கிழமை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் விசாரணை. அவளிடம் இருப்பது ஒரே ஒரு வீடியோ. அது தவறிப்போய் ஒருமுறை நடந்தது என்று வாதாட நஸ்ருதீன் ஆயத்தமாகிவிட்டார். ஒருமுறையா? அந்த மூழ்கிய படகின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட நூற்றுக்கணக்கானோரே, உங்கள் நுரையீரல் கிழியாதது அவர்கள் காத்ததால் அல்ல. உங்கள் செல்பேசியைத் திறந்து தேடுங்கள். கன்னம் உப்பிய ஒரு படத்தையும் அழிக்காதீர்கள். கொண்டுவந்து அவள் பக்கத்தில் நின்று, என்னையும் மூச்சடக்கச் சொன்னார்கள் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள்.