எக்ரெமின் ஈறு

பல் மருத்துவமனை ஆய்வில் எனக்குக் கொடுத்த வேலையின் முதல் விதியே எனக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்பதுதான். மூன்று விதக் குப்பிகள். யாருக்கு எது போயிருக்கிறது என்று தெரியாமல், வந்தவர் வாயைத் திறக்கச் சொல்லி ஈறை அளந்து சொல்ல வேண்டும். "உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச வேலை மிலுட்டின்" என்றாள் என் மனைவி.

ஒரு குப்பியில் வாய் கொப்பளிக்கும் நிஜ மருந்து. இன்னொன்றில் எங்கள் பேராசிரியை தெசான்கா மலைப்பக்கத்து சேஜ் என்ற மூலிகை இலையிலிருந்து இறக்கிய சாறு. ஒரு மருந்துக் கம்பெனி அதை வாங்கக் காத்திருந்தது. மூன்றாவதில் சும்மா தண்ணீர். மூன்றுக்கும் ஒரே நிறம், ஒரே புதினா வாசனை. எல்லாவற்றையும் யோசித்த பேராசிரியை காபியை மட்டும் மறந்துவிட்டார்.

எங்கள் தென் செர்பியாவில் பக்கத்து வீட்டுக்காரி வந்தால் காபி. சண்டை போட்டால் காபி, சமாதானமானாலும் காபி. நிஜ மருந்தும் அந்தக் கெட்டிக் காபியும் ஒரே வாயில் சந்தித்தால் பல் தேக்கு நிறத்துக்கு வந்துவிடும். சேஜ் சாற்றோடு சந்தித்தால் லேசான பச்சை; தண்ணீரோடு சந்தித்தால் பழைய வெளுப்பேதான். ஆய்வு தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே, வந்தவர் சிரித்தாலே எந்தக் குப்பி என்று தெரிந்துபோயிற்று. கசாப்புக்கடைக்காரர் தேக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு, "சீஸ் புரெக் பலகாரம் வாயில காகித அட்டை மாதிரி இருக்கு டாக்டரே, மருந்துல என் நாக்குதான் செத்துப்போச்சுன்னு தெரியாம பொண்டாட்டிய வீணா திட்டிட்டேன்" என்று புலம்பினார். பேராசிரியை காபிக்குத் தடை போட்டார். எல்லோரும் பணிவாகத் தலையாட்டிவிட்டு, அந்தத் தடையைப் பற்றிப் பேச எதிர்க் காபிக்கடைக்குப் போனார்கள்.

எக்ரெமின் பல் வெளுப்பு மாறவே இல்லை. அதாவது, அவருக்குப் போவது தண்ணீர்.

எக்ரெம், ஊர் ஜிப்ஸி என்றழைக்கும் ரோமா இனத்து ஆள், ஊரின் பித்தளை வாத்தியக் குழுவில் முதல் டிரம்பெட். ஈறு வீங்கியிருக்கிறது என்று வைத்தியம் பார்க்கத்தான் எங்களிடம் வந்தார். "முதல்ல ஆய்வு, அப்புறம் வைத்தியம்" என்று பேராசிரியை அவர் கையில் ஒரு குப்பியைக் கொடுத்துவிட்டார். இப்போது ஈறு பழுத்து வெடிக்கப் போகும் பிளம் பழம் மாதிரி இருந்தது. வாத்தியத்தின் வாய் உதட்டில் அழுந்தும் இடத்துக்கு நேர் பின்னால் முன்பல் ஆட்டம் கண்டிருந்தது. நிலைமை மோசமானால் அவரை உடனே விலக்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. பேராசிரியையிடம் நான் சொன்னபோதெல்லாம், "ஆள் குறைஞ்சா கம்பெனி ஏத்துக்காது, அடுத்த தடவை பாக்கலாம்" என்பதே பதில்.

புனித ஜார்ஜ் திருநாளுக்கு முந்தின வாரம் எக்ரெம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"ஒத்திகையில மேல் சுரம் புடிச்சேன் டாக்டரே. சுரம் வரல, ரத்தம் வந்துச்சு. திருநாளன்னிக்கு எங்க சனம் மொத்தமும் தெருவுல ஆடும். நான் என்ன, கைதட்டிக்கிட்டு நிக்கிறதா?"

அளந்து, வீக்கம் கூடியிருப்பதைப் பக்கத்தில் நின்ற பேராசிரியையிடம் சொன்னேன். அவர் என் கையிலிருந்த, ஈறை அளக்கும் ஊசியை வாங்கிக்கொண்டார். "நீ அழுத்திக் குத்திட்டே. தள்ளு." கேக்கின் கிரீமைத் தொடுவதுபோலத் தொட்டுவிட்டு, "முன்ன இருந்த அளவேதான்" என்றார். தொட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது.

"மேடம், பல்லு ஆடுது."

"ஆடும். வயசாகுதுல்ல?"

எக்ரெம் திறந்த வாயோடு "ஆஆ ஆ" என்றார். ஊசியை எடுத்ததும் விளக்கினார்: "எனக்கு நாப்பத்தொண்ணுதாங்கறேன்."

"இவருக்குப் போறது வெறும் தண்ணி மேடம்."

"அது உனக்கெப்படித் தெரியும்? தெரிஞ்சா நீ இந்த ஆய்வுலயே இருக்கக் கூடாதே!"

கோபம் வந்தால் என் குரல் எலிக்குஞ்சு மாதிரி ஆகிவிடும். அந்த வெட்கத்திலேயே இத்தனை காலம் கோபத்தைத் தள்ளிப் போட்டு வந்தவன் நான். அன்று எலிக்குஞ்சாகவே கத்தினேன்.

"தெருநாய்க்குக்கூடத் தெரியும் மேடம்! மனுஷன் வாய வச்சுப் பொழைக்கிறான். அந்த வாய அழுகவிட்டுத்தான் உங்க இலைச்சாறு ஒசத்தின்னு காட்டணுமா?"

பல் சுத்தம் செய்யும் கருவியை இழுத்தேன்.

"அதைத் தொட்டா இவரு ஆய்வுல இல்ல!"

"அதுக்குத்தான் தொடறேன்." எக்ரெமிடம் திரும்பி, "பண்ணட்டுமா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாசக்கணக்கா நீங்க என் ஈறையே பாத்துக்கிட்டிருந்தீங்க. நானும் உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், இந்தாளுக்கு எப்பதான் கோவம் வரும்னு. பண்ணுங்க."

பேராசிரியை பின்னால் நின்று என்னென்னவோ சொன்னார். கருவியின் கீச்சில் பாதி கேட்கவில்லை; மீதி என் உத்தியோகத்தைப் பற்றியது. பற்காரையைச் சுரண்டி எடுத்தேன். ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு உள்பக்கமாக மெல்லிய கம்பியால் கட்டினேன். நிஜ மருந்தைக் கொடுத்து, "ரொம்ப அழுத்தி ஊதாதீங்க, காபி குடிக்காதீங்க" என்றேன். முதலாவதற்குத் தலையாட்டினார். இரண்டாவதற்கு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

திருநாள் காலை பேராசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எக்ரெம் சொந்த விருப்பத்துல விலகிட்டாருன்னு கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிட்டேன். கேட்டா நீயும் அதையே சொல்லு. உன் வேலை தப்பிக்கும்."

அப்போது கீழே முற்றத்தில் தவில் மாதிரி பெரிய மேளம் இடித்தது. திருநாள் வழக்கப்படி தொப்பியில் வில்லோ மரக் கிளைகளைச் செருகிக்கொண்டு எக்ரெமின் குழு வந்து நின்றது. ஜன்னலுக்குப் போய்க் கத்தினேன்.

"எக்ரெம்! நீங்க சொந்த விருப்பத்துல விலகிட்டீங்களாம்!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னா, அந்தம்மாவா? அப்ப என் விருப்பம் என்னன்னு அந்தம்மாவும் கேக்கட்டும்!" டிரம்பெட்டின் அகன்ற வாயை எங்கள் ஜன்னலுக்கு நேராகத் திருப்பினார்.

முதல் சுரம் தொண்டை கட்டிய சேவல் மாதிரி உடைந்தது. பேராசிரியை ஜன்னலைச் சாத்தப் பாய்ந்து வந்தார். ஆண்டவன் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து என் பருமன். ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரு மிலுட்டின்! எழுந்திருன்னு சொல்றேன்ல!"

"சொந்த விருப்பத்துல உக்காந்திருக்கேன் மேடம்."

கீழே எக்ரெம் உதட்டைத் துடைத்துக்கொண்டார். புறங்கையைத் திருப்பிப் பார்த்தார், ரத்தம் இருக்கிறதா என்று. பிறகு மேல் சுரத்துக்கு ஏறினார். சுரம் வந்தது, கொஞ்சம் கோணலாக. ஆனால் விழாமல், பேராசிரியையின் அறைக்குள் நேராக வந்து நின்றது.