நிழல் விழாத தண்ணீர்ப் பந்தல்

மோகனராஜ் கடனில் வாங்கிய எந்தப் பொருளுக்கும் நிழல் விழுவதில்லை என்பதை முதலில் கண்டுகொண்டது ஒரு பூனை. சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில், வெயில் ஏறியதும் ஏதாவது ஒரு காரின் அடியில் படுத்துக்கொள்வதையே பிழைப்பாகக் கொண்டிருந்த அந்தக் கிழட்டுப் பூனை, அவன் புதிதாகத் தவணையில் எடுத்த வெள்ளைக் காரின் அடியில் போய்ச் சுருண்டது. கொஞ்ச நேரத்தில் முதுகு சுட்டு எழுந்தது. காரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற துருப்பிடித்த வேனுக்கு இடம் மாறியது. பிறகுதான் மனிதர்கள் பார்த்தார்கள். வேனுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் தாரில் நிழல் கிடந்தது. வெள்ளைக் காரின் அடியில் வெயில் தங்குதடையின்றிப் படர்ந்திருந்தது. கோழி விலை ஏறியதைப் பேசிய அதே குரலில் இரண்டு நாள் இதைப் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். தங்கள் பொருளுக்கும் அப்படித்தானா என்று யாரும் சரிபார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்க்கும் வழக்கம் அந்த வட்டாரத்தில் அவ்வளவாக இல்லை.

மோகனராஜ் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மாலையில் ஒரு நற்பணி மன்றத்தின் தலைவர். சூப்பர்வைசராக இருக்க அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தலைவராக இருக்க அவன் கொடுத்தான். மன்றத்தில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் பதவி உண்டு. தலைவர் என்றால் கார் வேண்டும், காரிலிருந்து இறங்கும்போது கையில் கடிகாரம் மின்ன வேண்டும், வீட்டுக்கு வருகிறவர்கள் அமர நாற்பது பேர் கொள்ளும் சோபா இல்லாவிட்டாலும் நாற்பது பேர் பொறாமைப்படும் சோபாவாவது வேண்டும் என்று அவன் நம்பினான். ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றும் நிழலை வெளியே விட்டுவிட்டு வந்தது. இரண்டு வருடம் ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகு காருக்கு ஒரு பக்கக் கண்ணாடியின் நிழல் மட்டும் தரையில் முளைத்தது. இதைப் பற்றிக் கேட்க வங்கிக்குப் போனான். ஆரம்பத்தில் கட்டுவதெல்லாம் பெரும்பாலும் வட்டிக்கே போகும், நிழல் பிற்பாடுதான் வரும் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். அந்தக் கிளையில் ஜன்னலே கிடையாது. எல்லாம் டியூப் லைட்.

தைப்பூசத்துக்கு அவன் தண்ணீர்ப் பந்தல் போட்டது அந்த வருடம்தான். தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் வருடா வருடம் பந்தல்கள் எழும். பக்திக்கு நடுவே யாருடைய பந்தல் பெரிது, யாருடைய ஒலிபெருக்கி அடுத்த பந்தலின் பாட்டை விழுங்குகிறது என்ற கணக்கும் ஓடும். மற்றவர்கள் கூடாரத்தை வாடகைக்கு எடுத்தார்கள். வாடகைக் கூடாரத்தில் நின்று தலைவர் மோர் ஊற்றினால் மன்றத்துக்கு என்ன மரியாதை என்று செயலாளர் பழனியப்பன் கேட்டான். மோகனராஜ் தனிநபர் கடன் போட்டு மஞ்சள் பட்டு மாதிரி மினுங்கும் கூடாரமாகவே வாங்கிவிட்டான். முகப்பில் முருகன் ஓரமாகவும் மோகனராஜ் நடுவிலும் இருந்த பேனர் கட்டினார்கள்.

காலை பத்து மணிக்கு மேல் கூட்டம் உள்ளே வந்தது, மோரை வாங்கியது, வெளியே ஓடியது. மேலே துணி இருந்தது, துணிக்கு மேலே இருந்த சூரியன் துணியைப் பொருட்படுத்தவில்லை. பால்குடம் எடுத்து வந்த ஒரு பெண் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்து, "என்னாண்ணே பந்தல் இது? உள்ள நின்னாதான் தலை காயுது" என்றாள். "இம்போர்ட்டட் துணி லா அக்கா, அப்படித்தான் இருக்கும்" என்றான் பழனியப்பன். தலைவர் வரவேற்புரை ஆற்ற எழுந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவன் போட்டிருந்த பட்டு ஜிப்பா கடன் அட்டையில் எடுத்தது. ஆகவே தரையில் விழுந்த நிழலில் ஜிப்பா இல்லை. இரட்டை மடிப்புத் தொப்பையும், மைக்கைப் பிடித்த, கடிகாரமில்லாத வெறுங்கையும், தொங்கிப்போன தோளும்தான் இருந்தன. வேட்டியும் அதே கடையில் அதே அட்டையில் வாங்கியது என்பதால் மேற்கொண்டு விவரிக்காமல் விடுவதே தலைவருக்கு நாம் செய்யும் மரியாதை. கூட்டம் தரையைப் பார்த்துக்கொண்டே கைதட்டியது.

நிர்வாகக் குழு கூடி ஆராய்ந்து, அடுத்த வருடம் துணியை இரண்டு அடுக்காகப் போட்டால் சரியாகிவிடும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டாவது அடுக்குக்குக் கடன் கொடுக்க எந்த வங்கியும் முன்வரவில்லை. பழைய கடன்களுக்குப் போன் வரத் தொடங்கியிருந்தது. சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தது. மிச்சமிருந்தது வீடு ஒன்றுதான். அது அவன் மனைவி காமினியின் பெயரில் இருந்தது. இருபது வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மயிரைவிட மெல்லிய கம்பிகளைச் சிப்பில் இணைத்து, கண்ணாடி போடும் நிலைக்கு வந்து அவள் கடனை அடைத்து முடித்த வீடு. ஐந்தாம் மாடியில், முன்னும் பின்னும் வெளியைப் பார்த்த ஓர வீடு. அதன் நிழல் கருப்பட்டிபோல் கெட்டியாக, மாலையில் கீழே பஷீரின் சாப்பாட்டுக் கடை மேசைகள்மீது விழும்.

"எல்லாக் கடனையும் ஒண்ணாக்கிடலாம் காமினி. வீட்டு மேல ஒரே லோன். மாசம் ஒரே தவணை" என்றான் மோகனராஜ்.

"ஒண்ணாக்குனா கம்மியாயிருமா?"

"கட்டறதுக்கு லேசு."

"அதுல பந்தலுக்கு எவ்வளவு?"

"கொஞ்சம்தான். இன்னொரு அடுக்குத் துணி."

காமினி சோபாவைப் பார்த்தாள். ஜன்னல் வெயில் சோபாவுக்குள் புகுந்து சோபாவுக்குப் பின்னாலிருந்த தரையில் விழுந்திருந்தது. "இந்த வீட்டுல எதுக்குப் பின்னால போய் நின்னாலும் வெளிச்சம் அடிக்குது. இந்தச் சுவரு ஒண்ணுதாங்க மறைப்பா இருக்கு. அதையும் கேக்குறீங்க" என்றாள். பிறகு போன் அடித்தது. அது ஓய்ந்ததும் இன்னொரு போன் அடித்தது. "போன் அடிக்காம ஒரு நாள் சோறு திங்கணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பணம் வரும் என்று வங்கி சொல்லியிருந்தது.

சனிக்கிழமை மாலை பஷீர் கீழேயிருந்து கூப்பிட்டார். மோகனராஜ் இறங்கிப் போனான். "தம்பி, கோவிச்சுக்காத. உன் வீட்டுக்குள்ளேருந்து வெயில் வருது" என்றார் பஷீர்.

"அது கான்கிரீட்டு அண்ணே."

"கான்கிரீட்டுதான், நான் இல்லேன்னா சொன்னேன்? ஓர மேசையில விழுது பாரு. அங்க உக்காந்தவன் ஐஸ் கரைஞ்சு போச்சுன்னு காசு பாயார் பண்ண மாட்டேங்கறான். மேசையத் தள்ளிப் போட்டேன், பின்னாலயே வருது."

கட்டிடத்தின் பெரிய நிழலின் ஓரத்தில் ஒரு சதுரம் வெளுத்திருந்தது. இன்னும் முழு வெளிச்சமில்லை, கழுவக் கழுவச் சாயம் போகும் துணிபோல வெளுத்துக்கொண்டிருந்தது. மோகனராஜ் குனிந்து பார்த்தான். சதுரத்துக்குள் சுவரில்லை, சோபா இல்லை, டிவி இல்லை. காசு கொடுத்து வாங்கிய சில்லறைச் சாமான்களின் நிழல் மட்டும் இருந்தது: ஒரு அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு அகப்பை. அகப்பையைப் பிடித்தபடி காமினி. அவள் காலுக்குக் கீழே தரையில்லை. அவள் எதையோ எடுக்க இரண்டு எட்டு நடந்தாள். அந்தரத்தில், கீழே எதுவுமில்லாமல், பழகியவள்போல நடந்து போய்த் திரும்பி வந்தாள். விழவில்லை. விழாததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

லிஃப்ட்டுக்கு நிற்காமல் ஐந்து மாடியும் ஏறினான். கதவருகே நின்று மூச்சு வாங்கியவனைப் பார்த்து, "என்னங்க, யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள் காமினி.

"இல்ல. அந்தக் கையெழுத்து வேணாம். திங்கக்கிழமை காலையிலேயே போய் நிறுத்திடறேன்."

"பந்தலு?"

"வேணாம்."

"தலைவரு?"

அடுப்பில் குழம்பு ஒரு கொதி வந்து அடங்கியது. "பழனியப்பன் ரொம்ப நாளா ஆசைப்படுறான்" என்றான்.

பிந்தைய வருடங்களைச் சொல்ல அதிகமில்லை. கடன் தீர்க்கும் காலம் வாங்கும் காலத்தைப்போல் சுவாரசியமானதல்ல. மீன் சுத்தம் செய்யும் கத்தரிக்கோலால் காமினி கடன் அட்டைகளை வெட்டினாள். வங்கிகளுக்கு அவளே போன் செய்தாள், அதுவும் அவர்களுடைய சாப்பாட்டு நேரம் பார்த்துச் செய்தாள். கூடாரம் பாகான் டாலாமில் ஒரு கல்யாண ஏற்பாட்டாளருக்குப் போனது. கார் பாதி விலைக்குப் போனது. விற்ற காசு முழுக் கடனுக்கும் எட்டவில்லை என்பதால், இல்லாத காருக்கு மோகனராஜ் மாதாமாதம் கட்டினான். ஃபேக்டரி பஸ்ஸில் போனான். முதல் வாரம் ஜன்னல் பக்கம் உட்காராமல் முகத்தை மறைத்தான். பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் முன்பு தன் பந்தலில் தலை காய்ந்தவர்கள் என்று தெரிந்த பிறகு அதை விட்டான். சம்பள நாளில் கட்டை விரல் தானாகவே போனில் கடைப் பக்கம் போகும். ஒருமுறை தள்ளுபடி என்று ஒரு காலணியைத் தவணையில் வாங்கியும் விட்டான். காமினி திட்டவில்லை. அதை எடுத்துப் போய் மாலை வெயிலில் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அவன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் திருப்பிக் கொடுத்தான்.

சின்னக் கடனை முதலில் அடைத்தார்கள். மேசை விசிறிக்குத்தான் முதலில் நிழல் வந்தது. இறக்கை இறக்கையாகச் சுவரில் சுழன்றது, இருவரும் சோற்றுத் தட்டோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கட்டில், பிறகு சோபா. சோபா அதற்குள் கிழிந்துவிட்டிருந்தது, கிழிசலின் நிழலும் சேர்ந்தே வந்தது. இதற்கிடையில் பழனியப்பன் தலைவராகி, இரண்டு அடுக்குத் துணியில் பந்தல் போட்டான். இரண்டு அடுக்கையும் வெயில் ஒரே மூச்சில் தாண்டியது. அந்த வழியாக நடந்துபோன மோகனராஜை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. அவன் நிழல் மட்டும் சட்டை போட்டிருந்தது. மற்றவர்களும் மெல்லத் தங்கள் தரையைப் பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்த வட்டாரத்தில் இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார், வெயில் உச்சிக்கு வந்து யாருக்குமே நிழல் விழாத மதியம் ஒரு மணியைத்தான் நல்ல நேரம் என்று குறித்துக்கொடுக்கிறார்கள்.

காரின் கடைசித் தவணையைக் கட்டிய மாலை, ஐந்தாம் மாடி வீட்டுக்கு நேர் கீழே, மோகனராஜின் காலியான கார் நிறுத்துமிடத்தில் ஒரு காரின் நிழல் வந்து படுத்தது. நான்கு சக்கரம், இரண்டு பக்கக் கண்ணாடி, எதுவும் குறையவில்லை. கார்தான் இல்லை. காசு கொடுத்தவனிடம் நிழல் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். காலையில் மேற்கே சாய்ந்தும் மாலையில் கிழக்கே சாய்ந்தும் அது அங்கேயே இருந்தது. இருப்பதை வீணாக்கக் கூடாதென்று பஷீர் தன் ஓர மேசையைத் தூக்கிவந்து அதில் போட்டார். வேலை முடிந்து ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கும் மோகனராஜும் காமினியும் அந்த மேசையில் நுரை ததும்ப ஆற்றிய தே தாரிக் டீ குடித்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

"உன் நெழல்ல கடை போட்டிருக்கேன், உன்கிட்ட காசு வாங்குனா நல்லாவா இருக்கும்? வச்சுக்க தம்பி" என்பார் பஷீர்.

"கடன் வேணாம்ணே" என்று மோகனராஜ் சில்லறையை எண்ணி மேசையில் வைப்பான்.

மேசைக்குக் கீழே கிழட்டுப் பூனை தூங்கும். காருக்கு என்ன ஆயிற்று என்று அது விசாரிக்கவில்லை. முதுகு சுடவில்லை, அதற்கு அது போதும்.