இரண்டாம் வகுப்பின் உயரம்

இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு அது சோதனை வருஷம். வேலையில் சேர்ந்த அன்றே தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

"வருஷக் கடைசியில பெத்தவங்க வர்ற நாள்ல உங்க வகுப்பைப் பார்ப்பேன். பாட்டு, டான்ஸ் எல்லாம் வேணாம். பிள்ளைங்க கத்துக்கிட்டது கண்ணுக்குத் தெரியணும். அதை வச்சுத்தான் வேலை நிரந்தரம்."

டீச்சர் யோசித்து யோசித்து உயரம் அளப்பதைப் பிடித்தாள். தாளில் நீளமாக அளவுப் பட்டை வரைந்து, அடி தரையைத் தொடும்படி கதவோரச் சுவரில் ஒட்டினாள். முதல் மாதம் ஒரு தரம், பத்தாம் மாதம் ஒரு தரம். இருபத்தாறு பிள்ளைகள். முதல் அளவு நீலக் கட்டம், இரண்டாவது சிவப்பு. கழித்தல் கணக்கும் ஆயிற்று, சார்ட்டும் ஆயிற்று.

நடுவில் வருஷம் தன்பாட்டுக்குப் போனது. ஈரப் பஞ்சில் பயறு முளைத்தது. பித்தான்களைக் காசாக வைத்துக் கடை போட்டார்கள். கடைக்காரர்கள் முதல் நாளே எல்லாவற்றையும் இனாமாகக் கொடுத்து நொடித்துப்போனார்கள். அரையாண்டு விடுமுறை வந்தது, போனது. முன் பல் விழுந்தவர்கள் பதினான்கு பேர்.

பத்தாம் மாதம் அளந்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. பதினோரு பேர் இம்மிகூட வளரவில்லை. ஆறு பேர் ஒரு சென்டிமீட்டர். மீதி ஒன்பது பேர் குறைந்தே போயிருந்தார்கள். வகுப்பிலேயே சின்னவள், எல்லாரும் புள்ளி என்று கூப்பிடுகிறவள், நூற்றுப் பதிமூன்றிலிருந்து நூற்றுப் பன்னிரண்டுக்கு இறங்கியிருந்தாள்.

"டீச்சர், நான் தேஞ்சுட்டேனா?"

"அதெல்லாம் இல்ல. நோட்டுல எழுதிட்டுப் போய் உக்காரு."

மறுபடி அளந்தாள். அதே எண்கள்.

சாயங்காலம் வீட்டில் அக்காவிடம் சொன்னாள். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஏண்டி, பிள்ளைங்க வளரலைன்னா நீ என்ன பண்ணுவ? அவங்க அம்மாமாரைக் கேளு."

"விளையாடாத அக்கா. நாளன்னைக்கு மேடம் பார்ப்பாங்க. அளக்கத் தெரியாதவன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"இந்த வயசுல பிள்ளைங்க வருஷத்துக்கு எவ்வளவு வளருமாம்?"

"அஞ்சு, ஆறுன்னு புத்தகத்துல இருக்கு."

"அப்ப ஆளுக்கு அஞ்சு போடு. உன் அத்தான் ஆபீஸ்ல பாதி வேலை அப்படித்தான் நடக்குது."

மறுநாள் டீச்சர் புது அளவோடு ஆளுக்கு ஐந்து கூட்டிச் சிவப்புக் கட்டங்களைத் தானே வரைந்து, வண்ணம் அடிக்க மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்தாள்.

பெற்றோர் வந்த நாளில் சார்ட் பார்க்க லட்சணமாக இருந்தது. தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "ம்" என்றார். அவர் அவ்வளவு சொல்வதே அதிகம். அப்போது தச்சு வேலை பார்க்கும் புள்ளியின் அப்பா பக்கத்தில் வந்தார்.

"நூத்திப் பதினேழா? இவ நோட்டுல பன்னெண்டுன்னு எழுதி வச்சிருக்காளே. எங்க பாப்பா, நில்லு."

பட்டையில் நிறுத்தினார். நூற்றுப் பன்னிரண்டுதான்.

தச்சர் பையிலிருந்து இரும்பு டேப்பை உருவி, மகளின் குதிகாலில் வைத்துத் தலைவரை இழுத்தார்.

"சார்ட்டுதான் சரி. பதினேழு. இந்தப் பட்டைதான் தரையிலேர்ந்து மூணு விரல் மேல நிக்குது, பாருங்க."

அளந்தபோதெல்லாம் டீச்சர் தலைப்பக்கம்தான் பார்த்தாளே தவிர கால்பக்கம் பார்க்கவில்லை.

"அதை நான்தான் லீவுல ஏத்தி ஒட்டினேன்," என்றாள் வாசலில் நின்ற ஆயா. "மாப் போடுறப்பல்லாம் அடி நனைஞ்சு ஊறிப்போவுது."

"டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் தலைமையாசிரியை.

"எதுக்கு மேடம்? நேராத்தானே ஒட்டியிருக்கேன்."

தச்சர் சிரித்தார். "டீச்சர் கெட்டிக்காரங்க. பட்டை தப்புன்னு கண்டுபிடிச்சு, கணக்குப் போட்டுத் திருத்தியிருக்காங்க."

தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கைக்கு வந்த மாதிரிதான். டீச்சர் மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கீழே புள்ளி உட்கார்ந்து, நோட்டில் இருந்த நூற்றுப் பன்னிரண்டை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழித்தாள்.

"என்ன பண்ற?"

"நான் தப்பா எழுதிட்டேன் டீச்சர்."

"நீ தப்பா எழுதல. பட்டைல பார்த்ததை அப்படியே எழுதியிருக்க. அழிக்காத." டீச்சர் நிமிர்ந்தாள். "மேடம், நான் எதையும் கண்டுபிடிக்கல. பிள்ளைங்க குறைஞ்சு தெரிஞ்சாங்க. பயந்துபோய் ஆளுக்கு அஞ்சு கூட்டிப் போட்டேன். அது சரியா அமைஞ்சது எனக்கே இப்பத்தான் தெரியும்."

தச்சர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு முளைப்பயறு பார்க்கப் போனார்.

தலைமையாசிரியை சார்ட்டை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"விடை சரி, வழி தப்பு. பிள்ளைங்க இப்படிச் செஞ்சா எத்தனை மார்க் போடுவீங்க?"

"பாதி, மேடம்."

"அப்ப உங்களுக்கும் பாதி. இன்னும் அரை வருஷம் சோதனையில இருங்க. அப்புறம் பேசுவோம்."

"சரி மேடம்."

"மூணாம் வகுப்புல இருங்க. இதே பிள்ளைங்கதான்."

அவர் அடுத்த அறைக்குப் போனார். டீச்சர் சிவப்புப் பென்சிலை எடுத்து, சார்ட்டின் அடியில் நடந்ததை நான்கு வரியில் எழுதத் தொடங்கினாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டியிருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது.