வழி பழகிய பஸ்

1924-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், மலாயாவில் ஷரபுதீன் பாயின் மோட்டார் பஸ், அதை ஓட்ட வேண்டிய பத்துமலை செமோர் சிம்பாங் முச்சந்தியைத் தாண்டியதும் தூங்கிவிட, மிச்ச வழியைத் தானே ஓடி, ஈப்போ மார்க்கெட்டில் ஆட்களை இறக்கிவிட்டு, புந்தோங்கில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றது. வழியில் மரப்பாலம் ஒன்றும் ரயில் கேட்டு ஒன்றும் இருந்தன. இரண்டையும் பதமாகவே கடந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் யாரும் பதறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்டிக்காரன் தூங்குவதும் வண்டி வீடு போய்ச் சேருவதும் அவர்கள் நினைவு தெரிந்த நாள் முதல் பார்த்து வருகிற காரியம். மாடு இல்லை என்பதற்காக அது மாறிவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முன் பெஞ்சில் இருந்தவர் மட்டும் பத்துமலையின் தலைத்துண்டு நழுவியதைப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டார். இறங்கும்போது அவன் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

இப்படி ஆனதற்குக் காரணம் பத்துமலைதான். அவன் பல வருஷம் செமோருக்கும் ஈப்போவுக்கும் இடையில் மாட்டு வண்டி ஓட்டியவன். பாய் பஸ் வாங்கியபோது, வழி தெரிந்தவன் என்று அவனையே டிரைவராக வைத்துக்கொண்டார். ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் அவன் ஒரு வாரத்தில் படித்துவிட்டான். ஆனால் புதிதாக வாங்கிய மாட்டை அப்படியே ரோட்டில் விட யாருக்கு மனசு வரும்? பழைய மாட்டின் பின்னால் கட்டி நடத்தி, வழி பழக்கிய பிறகுதான் அதை நம்பி வண்டி பூட்டுவது வழக்கம். பத்துமலையும் அதைத்தான் செய்தான். பஸ்ஸைத் தன் வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, பழைய வண்டித்தடம் முழுக்க இழுத்துக்கொண்டு போனான். அவனுடைய காரிமாடு தண்ணீர் குடிக்க நின்ற இடத்திலெல்லாம் பஸ்ஸும் நின்றது. இளைப்பாறிய இடத்திலெல்லாம் இளைப்பாறியது. பஸ்ஸுக்குப் பலகை அடித்துக் கூரை போட்ட சீனத்து ஆசாரி இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தான். பாய் சிரிக்கவில்லை, பெட்ரோல் மிச்சம் என்று விட்டுவிட்டார். மாட்டுப் பொங்கலன்று பத்துமலை பஸ்ஸின் இரண்டு விளக்குகளுக்கும் சிவப்புச் சாயம் பூசி மாலை போட்டபோது மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொங்கலைச் சாப்பிட்டார்.

காரிமாடு இளைப்பாறிய இடங்களில் ஒன்றுதான் வண்டிமேடு. ரப்பர் விலை விழுந்த 1921-இல், ஒரு தோட்டம் ஆட்களை நிறுத்திவிட்டது. ஊருக்குக் கப்பல் ஏற மனமில்லாத சில குடும்பங்கள் வண்டித்தடத்தின் ஓரத்தில் அத்தாப்பு ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு, கீரையும் வெற்றிலையும் வைத்தன. ராக்காயி அவர்களில் ஒருத்தி. அவள் புருஷன் தோட்டத்து லயத்தில் காய்ச்சல் கண்டு செத்த மறுநாள் விடியற்காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பெயருக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் அவளால் அழ முடிந்தது. மகள் பாப்பா அந்தக் களத்தில் ஒருநாளும் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தாள். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு உறுதியாக நினைத்ததில்லை. கீரை பறித்தால் வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட் போக வேண்டும். போகாவிட்டால் அது மாட்டுக்குத்தான். பஸ் வந்து நின்றதால் போக முடிந்தது. அவ்வளவுதான் அவளுடைய சுதந்திரம்.

1926 கடைசியில் கிந்தா ஆறு பெருகி ஊருக்குள் வந்து போன பிறகு, ஈப்போவை ஒழுங்குபடுத்த ஒரு துரை வந்தார். ஜனங்கள் அவரைப் பிளான் துரை என்றார்கள். கெட்ட மனிதர் இல்லை. சேற்றில் இறங்கி நடப்பார், சாக்கடைகளைக் குனிந்து பார்ப்பார், மருந்துக்கு ஆள் அனுப்புவார். ஆனால் நேர்கோடு என்றால் அவருக்கு உயிர். பழைய வண்டித்தடம் அவருக்குப் பிடிக்கவில்லை. அது குளத்தைக் கண்டால் குளத்துப் பக்கம் போயிற்று, நிழலைக் கண்டால் நிழலுக்குள் போயிற்று, கோயிலைக் கண்டால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. மாடும் மனுஷனும் களைத்துப் போவார்கள் என்பதை அந்தத் தடம் அறிந்திருந்தது. மோட்டார் கார் களைப்பதில்லை. எனவே செமோரிலிருந்து ஈப்போவுக்கு ரயில் பாதையின் கிழக்கே ஒரே இழுப்பில் தார் ரோடு போட்டார். ஈயச் சுரங்கத்து முதலாளிகளுக்கும் தோட்டத்துத் துரைமார்களுக்கும் அதில் கால்மணி நேரம் மிச்சமாயிற்று. அந்தக் கால்மணி நேரத்துக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று வரைபடத்தில் எழுத இடமில்லை. பழைய ரயில் கேட்டை மூடிக் கம்பி வேலி போட்டார்கள். தடம் ஊருக்குள் நுழைந்த இடத்தில் புதுக் கடைவரிசை எழும்பியது. வண்டிமேடு வரைபடத்தில் வெறும் பச்சை நிறமாக இருந்தது.

புது ரோடு திறந்த அன்று பத்துமலை விழித்திருந்துதான் ஓட்டினான். அவனுக்கும் புது ரோட்டைப் பார்க்க ஆசை. செமோர் சிம்பாங்கில் ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தான். பஸ் வலது பக்கம் போயிற்று. பிரேக்கை மிதித்தான், வையவும் செய்தான், மசியவில்லை. எப்போதும்போல வண்டிமேட்டில் நின்று கீரைக்கூடைகளை ஏற்றிக்கொண்டு, புந்தோங்கைத் தாண்டி, மூடிக் கிடந்த ரயில் கேட்டுக்கு வந்தது. வேலிக்கம்பிகள் தளர்ந்து தரையில் படுத்துக்கொண்டன. பஸ் போன பிறகு நிமிர்ந்து பழையபடி இறுகின. அங்கிருந்து நேரே கடைவரிசையில் முகம்மது கௌஸின் துணிக்கடைக்குள் முன்வாசல் வழியாக நுழைந்து, கல்லாவுக்கும் கைலி அடுக்குக்கும் நடுவில் போய், பின்சுவர் வழியாக வெளியேறி மார்க்கெட்டை அடைந்தது. சுவரில் கீறல்கூட இல்லை. தொங்கிய சேலைகள் கொஞ்சம் ஆடின. கௌஸ் முதல் வாரம் ஷரபுதீன் பாயிடம் போய்ச் சண்டை போட்டார். இரண்டாவது வாரம், பஸ்ஸில் இருந்த பெண்கள் போகிற போக்கில் கையை நீட்டித் துணியின் நயம் பார்ப்பதைக் கவனித்தார். மூன்றாவது வாரம் நல்ல சீட்டித் துணிகளை எல்லாம் பெஞ்சு உயரத்துக்கு இறக்கி மாட்டினார். அதன் பிறகு அவர் புகார் சொன்னதாகத் தகவல் இல்லை.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. ஆனால் ஆபீசில் இருப்பவர்கள் துணி வாங்குகிறவர்கள் அல்ல. அனுமதி பெற்ற பாதையில் ஓடாத பஸ் என்று மேலே எழுதிப் போட்டார்கள். பிளான் துரை நியாயமான மனிதர் ஆகையால், தண்டிப்பதற்கு முன் தானே பார்த்துவிடுவது என்று ஒரு கிளார்க்கையும் தன்னுடைய சொந்த டிரைவரையும் கூட்டிக்கொண்டு செமோருக்கு வந்தார். பத்துமலையைப் பின்னால் உட்காரச் சொன்னார். டிரைவர் சீருடைக்கேற்ற கறாரோடு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். பஸ் வழக்கம்போல வலப்பக்கம் திரும்பி வண்டிமேட்டில் போய் நின்றது. துரை இறங்காமல் எட்டிப் பார்த்தார். பச்சை நிறமாகத் தீட்டிய இடத்தில் குடிசைகள் இருந்தன, புகை வந்தது, கோழிகள் மேய்ந்தன. இது என்ன இடம் என்று கேட்கச் சொன்னார். ராக்காயிக்கு அன்று பஸ் தாமதமாக வந்ததில் ஏற்கெனவே எரிச்சல். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. கூடையைத் துரையின் பூட்சுகளுக்கு நேரே தூக்கி வைத்தாள்.

“வண்டிமேடு. கால கொஞ்சம் தூக்கிக்குங்க தொரை, கீர நசுங்கிரும்.”

கிளார்க் ஊர்ப் பெயரை மட்டும் மொழிபெயர்த்தார். மொழிபெயர்க்காததைத் துரை தானே புரிந்துகொண்டு காலைத் தூக்கிக்கொண்டார். ஈப்போ வரைக்கும், வேலியைத் தாண்டும்போதும் துணிக்கடைக்குள் போகும்போதும், அப்படியே உட்கார்ந்து வந்தார். கௌஸ் எழுந்து நின்று சலாம் வைத்தார். துரை தொப்பியைத் தொட்டுப் பதில் மரியாதை செய்தார். இறங்கிய பிறகு வெகுநேரம் மார்க்கெட் வாசலிலேயே நின்று யோசித்தார் என்கிறார்கள். அவர் மனசு இளகியது உண்மை. ஆனால் வரைபடம் கையெழுத்தாகிக் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. வரைபடம் தப்பு என்றால் போட்ட ரோடும் தப்பு, கட்டிய கடையும் தப்பு, வந்த துரையும் தப்பு. பஸ் தப்பு என்றால் ஒரு பஸ்ஸோடு போயிற்று. எனவே 1928-இல் அதன் லைசென்ஸ் ரத்தானது. ஓட்டிக்கொண்டு போனால் எங்கே போகும் என்று தெரியாது என்பதால், அதைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றித் தெலுக் அன்சன் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ஷரபுதீன் பாய் ஸ்டேஷனில் நின்று அழுதார். பத்துமலை அதன் முன்பக்கத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

பஸ் வராத இடம் ரோடு இல்லாத இடம், ரோடு இல்லாத இடத்தில் குடியிருக்க முடியாது என்று அடுத்த உத்தரவு வந்தது. அதற்கு முன்பே அப்பாவு கங்காணி வந்துவிட்டார். ரப்பருக்கு மறுபடி ஆள் தேவைப்பட்ட காலம். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவதாக வீடு வீடாகச் சொன்னார். ஆறு மைல் கீரை சுமந்து நடந்து பார்த்துக் கால் வீங்கிய சில பேர் தலையாட்டிவிட்டார்கள். ராக்காயியும் நடந்து பார்த்தவள்தான். அவள் கொண்டுபோன கீரை மார்க்கெட்டை அடைந்தபோது வெந்ததுபோல் துவண்டிருந்தது.

“புள்ளயும் வளர்ந்துருச்சு. ஒட்டுப்பால் பொறுக்கப் போட்டா அதுக்கும் அரைப் பேர் விழும், அரைக் கூலி. ரோடு இல்லாத எடத்துல குந்திக்கிட்டு என்ன பண்ணப் போற ராக்காயி?” என்றார் கங்காணி. அவர் மோசமாகப் பேசவில்லை, கணக்காகத்தான் பேசினார்.

“அவ பெரட்டுல நிக்க மாட்டா, கங்காணியாரே. நான் நின்னது போதும்” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குப் பயம். வேறு வழி ஒன்றும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. லாரி வருகிற திங்கட்கிழமை காலையில், என்ன செய்வதென்று அறியாமல், தினமும் செய்வதையே செய்தாள். கீரை பறித்துக் கட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டு, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தடத்துக்கு வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள்; சிலர் கூடையோடு, சிலர் சட்டிபானை மூட்டையோடு. தடத்தின் மறுபக்கம் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அப்போது பத்துமலை புந்தோங்கிலிருந்து வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தான். பஸ் நிற்கிற இடத்துக்கு நேரே வந்து நின்றான்.

“இனிமே வராதுன்னு சொல்லத்தான் வந்தேன் அக்கா” என்றான். அது அவர்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

“சொல்லிட்டல்ல. உக்காரு” என்றாள் ராக்காயி.

டிரைவர் பெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், தெற்கே பார்த்து, வெறுந்தரையில் உட்கார்ந்தான். நடந்து வந்த களைப்பில் இரண்டு நிமிஷத்தில் தலை தொங்கிவிட்டது. ராக்காயி அவனுக்குப் பின்னால், தான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள், கூடையை மடியில் வைத்துக்கொண்டு. பாப்பா பக்கத்தில். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. கால் நோகிறது, உட்காரலாம், அவ்வளவுதான். அப்புறம் பெஞ்சு உயரத்துக்கு எழும்பினார்கள். கிளம்பும்போது பஸ் எப்போதும் ஒரு குலுக்குக் குலுக்கும். அதேபோல் ஒருமுறை குலுங்கி, எல்லோரும் ஒன்றாக நகர்ந்தார்கள். பின்னால் புழுதி எழும்பியது. மூட்டையோடு லாரிப் பக்கம் நின்றவர்கள் ஓடிவந்து தொற்றிக்கொண்டார்கள். அப்பாவு கங்காணி கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, பிறகு நின்று, லாரிக்காரனிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார்.

மரப்பாலத்தில் பலகைகள் தடதடத்தன. புந்தோங்கில் காத்திருந்தவர்களைக் கைகொடுத்து ஏற்றிக்கொண்டார்கள். வேலி வழக்கம்போல் படுத்தது, கௌஸ் வழக்கம்போல் கல்லாவை ஒதுக்கி வைத்தார். மார்க்கெட்டில் ராக்காயி கூடையை இறக்கி ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தாள். சடக்கென்று ஒடிந்தது. அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முதலில் வந்தவள் கட்டு எவ்வளவு என்று கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

ஆபீசில் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்கள். வண்டிக்கு நம்பர் வேண்டும், விளக்கு வேண்டும், ஹாரன் வேண்டும் என்றெல்லாம் இருந்தது. உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் பற்றி ஒன்றும் இல்லை. பிளான் துரை மாற்றலாகிப் போவதற்கு முன், புது வரைபடத்தில் தன் கையாலேயே மெல்லிசாக ஒரு வளைந்த கோடு போட்டு, அதன் நடுவில் வண்டிமேடு என்று எழுதினார். காரணம் எழுதவில்லை. ஷரபுதீன் பாய் மழைக்காலத்துக்கு ஆளுக்கு ஒரு தாழங்குடை வாங்கிக் கொடுத்தார், இப்போது கூரை இல்லையே என்று. பத்துமலைக்குத் தூங்குவதுதான் வேலை. அதை அவன் ஒழுங்காகச் செய்தான்.

1929 தையில் ராக்காயி பாப்பாவைப் புந்தோங்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, போகிற வழியில் வாசலில் இறக்கிவிட்டாள். வாத்தியார் பாப்பாவிடம் பெயர் கேட்டார், வயசு கேட்டார், ஊர் கேட்டார். வண்டிமேடு என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“அவ்ளோ தூரத்துலேருந்தா? எப்படி வர்ற?”

“பஸ்ஸுல வாரேன் சார்.”

வாத்தியார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ராக்காயியும் மற்றவர்களும் ரோட்டுக்கு மேலே அரையாள் உயரத்தில் வரிசையாக உட்கார்ந்து, கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு, மார்க்கெட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“நேரத்துக்கு வருதா?”

“வருது சார்.”

“சரி, போய் உக்காரு” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.