பட்டியலில் சம்மட்டி இல்லை

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆடி மாசத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, சங்கரா கிலோ நாற்பது ரூபாய்க்குப் போன காலையில், காசிமேட்டு மீன் ஏலத்தில் மங்கம்மாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்குப் பதிலாகப் பீப் என்று சத்தம் வந்தது. ஐஸ் குறைத்துப் போட்டவனைத்தான் அவள் திட்டினாள். முன்னால் இருந்த சொல்லும் பின்னால் இருந்த சொல்லும் சரியாக விழுந்தன. நடுவில் ஒன்று மட்டும் லாரி பின்னுக்கு வரும்போது கத்துகிற மாதிரிக் கத்தி அடங்கியது. பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த குப்பம்மா, "இன்னாடி, தொண்டைல முள்ளு மாட்டிகிச்சா?" என்றாள். மங்கம்மா ஒரு வாய் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கிப் பார்த்தாள். முள் எதுவும் இல்லை.

காரணம் பிறகு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு ஒரு வருஷம் முன்னால், வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் வேலை பார்த்த தமீம் வஞ்சிரம் வாங்க வந்து, விலையைப் பாதியாகக் கேட்டு, மங்கம்மாவிடம் கால் மணி நேரம் திட்டு வாங்கினான். வாங்கிவிட்டுக் கோபித்துக்கொண்டு போகாமல் சிரித்தபடி நின்றான். மறுவாரம் அவளைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் ஒரு கார்ட்டூன் காக்காவுக்குப் பேச வைத்தான். ஒரு காக்கா, ஒரு தடியன் கரடி, அவ்வளவுதான் கதை. காக்கா திட்டும். கரடி மரச்சம்மட்டியால் அடிக்கும். காக்கா அப்பளமாய்த் தரையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு டொய்ங் என்று உப்பி எழும், தலையைச் சுற்றி மூன்று நட்சத்திரம் ஓடும், மறுபடி திட்டும். ஒரு நாள் கதைக்குப் பதினாலு அடி. மங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. தமீம் காதில் சொல்வான், அவள் தன் வாய்க்கு வந்தபடி சொல்லுவாள். 'நீ மோசமானவன்' என்று அவன் சொன்னால், "போடா பேமானி, மூஞ்சியப் பாரு, வெயில்ல வுட்ட வவ்வா மீனு மாதிரி" என்று அவள் பேசுவாள். கேபிள்கார அன்பரசன் குப்பத்துக்கு ஒயர் இழுத்திருந்த நேரம். சாயங்காலம் நாலரைக்குக் காக்கா வந்தால் தெருவில் நாய் மட்டும்தான் நிற்கும். மங்கம்மாவின் ஒரே மகள் மோகனப்ரியாவுக்கு அப்போது மூன்று வயசு. டிவியின் பின்பக்கம் போய்த் தட்டி, "எம்மா, வெளிய வா" என்று கூப்பிடுவாள்.

மங்கம்மா மகளைக் கொஞ்சுவதும் அதே வாயால்தான், கண்ணுங்களா, அவளுக்கு வேறே வாய் ஏது. "வாடி என் கஸ்மாலம்" என்றால் சோறு பிசைந்தாயிற்று என்று அர்த்தம். அதுதான் தன் பேர் என்று குழந்தை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தது.

பிறகு ஊருக்குள்ளே படித்த பெற்றோர் சிலர் கூடிக் கார்ட்டூன் கம்பெனிக்குப் புகார் எழுதினார்கள். தமீம் அதை ஏலக்கூடம் வரை எடுத்துவந்து படித்துக் காட்டினான். காக்கா பேசக்கூடாது என்று பதினோரு வார்த்தைகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் ஆறு, அந்தத் தெருவில் பெற்ற பிள்ளையையும் கட்டின புருஷனையும் கூப்பிடுகிற வார்த்தை.

"காக்கா பேசறது அசிங்கமாங்க்கா. புள்ளைங்க கெட்டுப்போவுதாம்."

"அந்தக் கரடி போட்டு அட்ச்சிகினே கீறானே, அதுக்கு இன்னா எழுதிக்கீறாங்க?"

தமீம் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "அது ஒண்ணும் எழுதலக்கா."

ஸ்டுடியோவில் அந்தப் பதினோரு வார்த்தையின் மேலும் பீப் ஏற்றினார்கள். அவள் முதல் நாளே கைநாட்டு வைத்த தாளில், இந்தக் குரல் எங்கே ஒலித்தாலும் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு வரி இருந்ததாம். குரல் ஒன்றுதானே, அதனால் தெருவிலும் பீப் விழுந்தது. கரடியின் சம்மட்டி பட்டியலில் இல்லை, அதனால் அது வெட்டுப்படாமலே தெருவுக்கு வந்தது.

அவள் புருஷன் பொன்ராஜ் விசைப்படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிறவன். அவன் பயந்தது அவள் வாய் ஒன்றுக்குத்தான். கையை ஓங்கினால் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி மானத்தை வாங்கிவிடுவாள். வாய் பீப்பான அந்த மாசமே, குழம்பில் உப்பு இல்லை என்று ஐஸ் உடைக்கிற கட்டையால் அடித்தான். மங்கம்மா அப்பளமாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டாள், டொய்ங் என்று உப்பி எழுந்தாள், மூன்று நட்சத்திரம் தலையைச் சுற்றியது. எங்கேயும் வலிக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அடி பட்ட இடத்தைத் தேடித் தேடித் தடவினாள். சத்தம் கேட்டு வந்த குப்பம்மா சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தியபடியே மறுபடி சிரித்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது "காயம் எங்கம்மா?" என்றார்கள். அவள் சொன்ன புகாரில் பாதி பீப்பாக இருந்தது. காயம் இல்லை என்று எழுதிக்கொண்டு, நீதானே அந்தக் காக்கா, ஒரு தரம் பேசிக் காட்டு என்றார்கள். பேசிக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அப்படியே ஒன்றரை வருஷம் போனது. பொன்ராஜுக்குக் கோபம் கூடத் தேவைப்படவில்லை, கதவைச் சாத்துகிற மாதிரி அடித்தான். அவள் சோறு போட்டாள், தட்டையானாள், எழுந்தாள், குழம்பு ஊற்றினாள். நட்சத்திரங்களைப் பூனை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். மகளைக் கொஞ்சுவதை மட்டும் விட்டுவிட்டாள். "வாடி என் பீப்" என்று கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மாசி மாசம் ஒரு மத்தியானம், டம்ளரைக் கவிழ்த்ததற்காகப் பொன்ராஜ் குழந்தையை அறைந்தான். ஐந்து வயசுக்காரி சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தட்டையாகி, டொய்ங் என்று எழுந்தாள். சின்னதாக மூன்று நட்சத்திரம் வந்தது. அவள் அழவில்லை. கையைத் தட்டிச் சிரித்தாள்.

"நைனா, இன்னொரு தபா!"

பொன்ராஜ் இன்னொரு தபாவும் அறைந்தான். மங்கம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கத்தினாள், அவள் கத்தினதெல்லாம் பீப்.

மறுநாள் விடிந்ததும் தமீமைத் தேடிப் போனாள். "அந்தக் கதையில ஒருத்தரும் தப்பிச்சிக்கினு போவ மாட்டாங்களா?" என்று கேட்டாள். தமீமுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு கதையில் காக்காவின் இறக்கையைக் கட்டிப்போட்டிருப்பார்கள், அது மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நடந்தே போய்விடும் என்றான்.

"விழாதா?"

"கீழ பாக்காத வரைக்கும் விழாதுக்கா. பாத்தாத்தான் விழும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் வீட்டுக்கு வந்து கூடையைத் தலையில் வைத்து, குழந்தையை இடுப்பில் தூக்கி, துறைமுகத்துக் கருங்கல் தடுப்பின் கடைசிக் கல் வரை போனாள். குழந்தையின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள். கால் அந்தரத்தில் ஊன்றி நின்றது. அவள் வடக்கே பார்த்து நடந்தாள். காட்டுப்பள்ளியில் அவள் அக்கா தங்கபுஷ்பம் இருந்தாள், கேபிள் ஒயர் இன்னும் போகாத ஊர். பொன்ராஜ் கட்டையோடு ஓடிவந்து, அவனும் பத்து அடி அந்தரத்தில் நடந்தான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் "மாமு, கீழ பாக்காத!" என்று கத்தினார்கள். சொன்னதால்தான் அவன் பார்த்தான். விழுந்து, நீந்தி, கரையேறி, லுங்கியைப் பிழிந்தான்.

திருவொற்றியூர் தாண்டும் வரை ஒன்றுமில்லை. எண்ணூர் புகைபோக்கிகள் பக்கவாட்டில் வந்தபோது, கடைசிக் கேபிள் கம்பமும் பின்னால் போய்விட, இடுப்பில் இருந்த குழந்தையின் கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாக எழுந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. அடுத்த நொடி மங்கம்மாவுக்கு முதுகு, விலா, தோள் என்று ஒன்றரை வருஷத்து வலியும் மொத்தமாக வந்து சேர்ந்தது. கூடை ஆடியது. இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தால் கீழே பார்த்திருப்பாள். பார்க்கவில்லை, அதனால் அந்த ஒரு விதி மட்டும் கம்பத்தைத் தாண்டியும் கூட வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அழுவாத, அம்மா கீறன்ல, அழுவாதடி என் கஸ்மாலம்" என்றாள். வார்த்தை முழுசாக வந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி, யாரோ நெடுநாள் கழித்துப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து பார்த்தது.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அவள் காட்டுப்பள்ளி நண்டைக் காசிமேட்டு ஏலத்துக்கு அந்த அந்தர வழியாகத்தான் கொண்டுவருகிறாள். எண்ணூருக்கு இந்தப் பக்கம் வந்தால் பீப், அந்தப் பக்கம் போனால் பேச்சு. படகில் இருப்பவர்கள் தலைக்கு மேலே நிழல் கடந்தால் அண்ணாந்து பார்ப்பதில்லை. கூடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தோளிலிருந்து துடைத்துவிட்டு வலையை இழுக்கிறார்கள்.